சனிக்கிழமை பெட்ரோல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பங்க்குக்குள் நுழையும்போது சீயக்காய் வாசனை முதலில் வரும், கார் அதற்குப் பிறகுதான் வரும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக் கண் சிவந்திருக்கும். வெள்ளைச் சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்திருக்கும். கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஒரு கையைக் கதவின்மேல் போட்டுக்கொண்டு, பிரீமியம் பெட்ரோல் குழாய்க்கு நேராக வந்து நிறுத்துவார். இறங்கமாட்டார். "நல்லதா பத்து லிட்டரு ஊத்தும்மா" என்பார், பக்கத்தில் ஸ்கூட்டருக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

அவர் என் அக்காவின் கணவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த ஊரில் பாதிப் பேர் "அந்த மனுஷன் தங்கமாச்சே" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றிப் புதுப்புது நகர்கள் முளைத்த காலத்தில் மனை விற்றுப் பெரிய ஆளானவர். நான் வேலூர் ரோட்டில் உள்ள பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறேன். முதலில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். என் அக்கா என் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், வலது கையும் வலது காலும் வராமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே இதை நடுநிலையோடு எழுத என்னால் முடியாது. முயற்சி செய்வதாகவும் இல்லை.

அவருடைய குணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எதையும் ஒரு நாள் செய்வார். ஊர் மெச்சச் செய்வார். செய்துவிட்டு, மீதி நாட்களுக்கும் சேர்த்துச் செய்தாகிவிட்டது என்று மனதார நம்புவார். "செய்யறது ஒரு நாளா இருந்தாலும் செஞ்சவன் யாருன்னு தெரியணும்" என்று அடிக்கடி சொல்வார். இதில் நடிப்பு இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் மாட்டியிருப்பார். நடிப்பே கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார். பாதையில் அன்று வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் முந்தின நாளே காரைக் கொண்டுபோய்ப் பந்தலுக்கு அருகில் நிறுத்திவிடுவார். நடந்து வரும் ஜனங்கள் முதலில் காரைப் பார்ப்பார்கள், பிறகு அவர் முகம் போட்ட பேனரை, பிறகு சாம்பார் சாதத்தை. அவரே கரண்டி பிடித்துப் பரிமாறுவார். வியர்க்க வியர்க்கப் பரிமாறுவார், யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே மனிதரின் ஆபீஸ் வாசலில் ஒரு புதன்கிழமை மத்தியானம் காவி கட்டிய கிழவர் ஒருவர் வந்து நின்று சாப்பாடு கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அக்கா கொடுத்தனுப்பிய டிபன் கேரியரோடு நானும் அங்கேதான் நின்றிருந்தேன். இவர் கோபப்படவில்லை, சிரித்த முகமாகவே சொன்னார்.

"பௌர்ணமிக்கு வா சாமி. வயிறு நெறைய போடறேன்."

பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் யாரோ வைத்திருந்து விற்றதை இரண்டாம் கையாக வாங்கி வந்தார். வெளிநாட்டுக் கார், கருநீலம், தரையோடு தரையாக இருக்கும். டர்போ வைத்த இஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா சொல்வாள், பெருமையாக இல்லை, பயந்துபோய். அது ஊருக்குள் வந்த முதல் நாளே ராஜகோபுரத்துக்கு எதிரில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார். பெட்ரோல் மூடியின் கதவை மட்டும் அவர் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. அந்தக் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குறைந்தது 95 ஆக்டேன் என்று இருந்தது. அதற்கு மேல் போனால் சரி, கீழே போகக் கூடாது என்று அர்த்தம்.

எங்கள் பங்க்கில் அந்த வருஷங்களில் சாதா பெட்ரோல் 91, பிரீமியம் 95. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அதில் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்த ஒரு விஷயம்தான். ஆக்டேன் என்பது பெட்ரோலின் சத்து இல்லை, பொறுமை. இஞ்சினுக்குள் நசுக்கும்போது தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்குகிற பொறுமை. சாதாரண ஸ்கூட்டர் இஞ்சின் மெதுவாகத்தான் நசுக்கும், அதற்கு 91 தாராளம். அதில் போய் விலை உயர்ந்ததை ஊற்றுவது வீண். இந்த மாதிரிக் கார்கள் போட்டு நசுக்கும். அதில் பொறுமை இல்லாததை ஊற்றினால் நேரம் வருமுன்னே பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தட்டும். டிக் டிக்கென்று, டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம் வரும். காரின் கம்ப்யூட்டர் அதைக் கவனித்துக் கொஞ்சம் சமாளிக்கும், இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். எத்தனை நாள் சமாளிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் சனிக்கிழமை பத்து லிட்டர் பிரீமியம் ஊற்றுவார். மற்ற நாட்களில் மனை காட்டப் போளூர், செங்கம், செய்யாறு என்று அலைவதற்கெல்லாம் சாதா. முதல் முறை இதைக் கவனித்தபோது பணிவாகத்தான் சொன்னேன்.

"மாமா, இந்த வண்டிக்கு எப்பவுமே பிரீமியம்தான் ஊத்தணும். நடுவுல சாதா ஊத்தினீங்கன்னா ரெண்டும் கலந்து தரம் கம்மியாயிடும்."

"அதான் வாரா வாரம் ஊத்தறேனே."

"வாராவாரம் இல்ல மாமா, ஒவ்வொரு தடவையும்."

அவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "இன்னாம்மா நீ. நாம தெனமுமா தலைக்கு எண்ணெ வெச்சிக் குளிக்கறோம்? சனிக்கெழம ஒரு நாளு வெச்சா வாரம் பூரா சூடு தணிஞ்சி இருக்குதுல்ல? இஞ்சினும் அதே சூடுதான். வாரத்துக்கு ஒரு குளியலு, போதும்."

வரிசையில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் "கரெக்ட்டுதான் சார்" என்றே சொன்னார். அவர் சொன்னால் அப்படித்தான், கேட்கிறவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம் மாதிரி இருக்கும். நான் படித்த பயிற்சியைவிட அவருடைய எண்ணெய்க் குளியல் எல்லாருக்கும் சுலபமாகப் புரிந்தது.

இன்னொரு சனிக்கிழமை நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கசப்பான சிரிப்புதான். அவருக்குத் தெரிந்த குருக்கள் ஒருவர் தன் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் காரிலிருந்தே கையைத் தட்டி, "ஐயருக்கு நம்ம கணக்குல பிரீமியம் ஊத்து" என்றார். அந்த மொபெட்டுக்கு அது தேவையே இல்லை என்று சொன்னேன். "நல்லது ஊத்தறதுக்குத் தேவ இன்னா, தேவயில்ல இன்னா" என்றார். குருக்கள் அங்கேயே நின்று ஆசீர்வாதம் செய்தார். தேவை இருந்த காருக்குள் அந்த நேரம் முக்கால் டேங்க் சாதா இருந்தது. யாருக்கு எது வேண்டும் என்பதை அவர் எப்போதுமே தன் பக்கத்திலிருந்துதான் யோசித்தார்.

அக்காவையும் அப்படித்தான் வைத்திருந்தார். அடித்தது கிடையாது, குடித்தது கிடையாது. கல்யாண நாளுக்குக் காஞ்சிபுரம் அழைத்துப் போய்ப் பட்டு எடுத்துக்கொடுப்பார், பிறந்த நாளுக்கு ஓட்டலில் கேக் வெட்டுவார். மற்ற நாட்களில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டதில்லை. தலைவலி என்று அவள் படுத்தால், "சாயங்காலம் ஆளுங்க வராங்க, எழுந்து காபி போடு" என்பார். அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு. எங்கள் அம்மாவுக்கும் அது இருந்தது, அம்மா அதிலேயே போய்ச் சேர்ந்தாள். ஆகவே அக்காவுக்கும் அது வந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. அவளுடைய பிறந்த நாளன்று அந்தக் காரிலேயே சென்னைக்கு அழைத்துப் போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை பரிசோதனை செய்யவைத்தார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் எடுத்த போட்டோ அன்று மாலையே சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனிலும் வந்துவிட்டது. பளிங்குத் தரை, பெரிய பூ ஜாடி, நடுவில் இவர், ஓரத்தில் அக்கா. அங்கே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதே மருந்து எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எங்கள் தெருவில் நாலு பேர் அதை வாங்கித்தான் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தீபாவளிக்கு நான் போயிருந்தபோது, அவள் வீட்டுப் பூஜை அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் சென்னை மாத்திரை அட்டை இருந்ததைப் பார்த்தேன். பாதி அட்டை அப்படியே இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பங்க்குக்கு வந்தார். போளூரில் ஒரு கல்யாணம். பாட்டுச் சத்தம் ரோட்டிலிருந்தே கேட்டது. நிறுத்துவதற்காகப் பாட்டைக் குறைத்தபோது இஞ்சின் சத்தம் எனக்குக் கேட்டது. டிக் டிக் டிக். பயிற்சியில் கேட்டது போலவே தெளிவாக இருந்தது.

"சாதா முப்பது லிட்டரு" என்றார்.

அன்று எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. பெட்ரோல் மூடியின் கதவைத் திறந்து, "எறங்கி வந்து இத ஒரு தடவ படிங்க மாமா" என்றேன். அவர் இறங்கவில்லை. நான் சத்தமாகவே படித்தேன். "இஞ்சின் தட்டுது. உங்களுக்குக் கேக்கலையா? இதுக்கு மேலயும் சாதா ஊத்தினா பிஸ்டன் போயிடும். நான் ஊத்த மாட்டேன்."

"இன்னா, ஊத்த மாட்டியா?"

"பிரீமியம்னா ஊத்தறேன்."

"சனிக்கெழம ஊத்தினேன்ல?"

"சனிக்கெழம ஊத்தினது சனிக்கெழமைக்கு."

நான்கு குழாய்களிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நான் குழாயைக் கையிலிருந்து விடவில்லை. அக்கா நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியபடியே, "விடுடி, அவருக்குத் தெரியாதா" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் காது முழுக்க இஞ்சினில் இருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேல கத்துக்கிட்டா, கொழுந்தியா" என்று மேனேஜரிடம் சிரித்துச் சொல்லிவிட்டு, பாட்டைக் கூட்டிக்கொண்டு அடுத்த பங்க்குக்குப் போய்ச் சாதாவையே ஊற்றிக்கொண்டார். மேனேஜர் என்னைத் திட்டினார். நான் சரியாகத்தான் செய்தேன் என்று அவரிடம் வாதாடினேன். ஒரு வாரம் வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் செங்கம் ரோட்டில் கார் படுத்துவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து ஒர்க்ஷாப்பில் விட்டார்கள். அதை நடத்துகிற பாய் இந்த ஊரில் மூன்று தலைமுறையாக வண்டி பார்க்கிற குடும்பம், நயமாகப் பேசத் தெரியாதவர். ஓரம் உடைந்த பிஸ்டனைத் துணியில் வைத்து இவரிடம் காட்டினார். நானும் போயிருந்தேன். நான் சொன்னது நடந்ததா என்று பார்க்கத்தான் போனேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"ரொம்ப நாளா தட்டியிருக்குது சார். சத்தம் ஜாஸ்தியா வந்திருக்குமே, கேக்கலயா?"

"பாட்டு ஓடிட்டு இருக்கும் பாய்."

பிறகு அவர் அந்தப் பிஸ்டனைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வெட்கம் வரவே இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது, ஏமாற்றப்பட்டவரின் வருத்தம். "பிரீமியம் ஊத்தினேன் பாய். வாரம் தவறாம ஊத்தினேன். அப்படியும் இப்டி ஆயிடுச்சே" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் ஜெயித்த களிப்பில் இருந்தேன்.

அக்கா விழுந்தது அதற்கு அடுத்து வந்த கார்த்திகை தீபம் முடிந்து நாலாம் நாள். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வாய் கோணி, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பி.பி. மாத்திரையைத் தினமும் போட்டாங்களா?" என்பதுதான்.

"நல்ல மாத்திரைங்க டாக்டர், சென்னைல வாங்கினது" என்றார் அவர். "தலவலி வர்றப்ப போட்டுக்க சொல்லியிருந்தேன். வீணாக்காம வெச்சிருந்தா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அது தலைவலி மாத்திரை இல்ல சார். தினமும் ஒன்னு. ஒரு நாள் கூட விடக் கூடாது. சென்னைல சொல்லலையா?"

"சொன்னாங்க. அங்க எழுதினது தீர்ந்ததும் மறுபடி சென்னைக்கே போய் வாங்கலாம்னு இருந்தோம். இங்க ஓசில தர்றத நம்ம வீட்ல போட முடியுங்களா?"

அதற்குப் பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது இதுதான். "சென்னைக்கே கூட்டிட்டுப் போனேன். உடம்பு பூரா பாத்தேன். அப்படியும் இப்டி ஆயிடுச்சே." சொல்லும்போது கண்ணில் நீர் நின்றது. வந்தவர்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பிஸ்டனைக் கையில் பிடித்திருந்தபோது இருந்த அதே முகம். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவருக்குக் காபி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன், ஏனென்றால் அவர் இன்னும் என் மாமாதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜனங்கள் இருந்தார்கள்.

ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதாகத்தான் முதலில் சொன்னார். வைத்த ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்பதை ஒரு மாதத்துக்குமேல் அவர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அக்காவை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் பௌர்ணமிதோறும் வந்தார். அன்னதானப் பந்தலுக்குப் போகிற வழியில் ஆப்பிளும் மாதுளையும் ஹார்லிக்ஸும் இரண்டு பை நிறைய. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வலது கையை எடுத்துத் தடவிக்கொடுப்பார். உணர்ச்சியில்லாத கை அது. இடது கை சும்மாதான் கிடக்கும். பிறகு ஓசூர் பக்கம் தொழில் நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டார். இப்போது பொங்கலுக்கு வருகிறார். அங்கேயும் ஏதோ கோயிலில் அன்னதானம் செய்கிறார் என்று போட்டோ வருகிறது.

அவரைத் திட்டாமல் எனக்கு ஒரு நாள் போவதில்லை. அக்காவுக்குத் தலை வாரும்போது, சோறு ஊட்டும்போது, துணி மாற்றும்போது வாய் ஓயாமல் திட்டுவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பேச்சு அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும், அதனால் பெரும்பாலும் பேசமாட்டாள். போன வாரம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டே வழக்கம்போல் ஆரம்பித்தேன். பெட்ரோலில் தொடங்கி மாத்திரைக்கு வந்தேன். அத்தனை பேர் முன்னால் படித்துச் சொன்னேனே, காதில் வாங்கினாரா அந்த மனிதர், காருக்கு எது ஊற்றணும் என்றே கேட்காதவர் பெண்டாட்டியை எங்கே பார்க்கப்போகிறார் என்றேன்.

அக்கா இட்லியை விழுங்கிவிட்டு இடது கையை உயர்த்தினாள். நிறுத்து என்கிற மாதிரி.

"காருக்கு" என்றாள். மூச்சு வாங்கினாள். "சண்ட போட்ட."

"ஆமாக்கா. போட்டேன். ரோட்டுல நின்னு போட்டேன்."

"நான்." கோணிய வாயைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினாள். "நானும் உள்ளதான் இருந்தேன்."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாத்தர போட்டியான்னு. நீ கேக்கல."

தட்டில் பாதி இட்லி இருந்தது, அதை அவளுக்குக் கொடுக்கக் கை வரவில்லை. அவளே இடது கையை நீட்டி, மேசைமேல் இருந்த அட்டையிலிருந்து அன்றைக்கான மாத்திரையைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் டம்ளரை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.